எந்த வேடத்தில் உள்ளே போவது?

ஓபராவைப் பற்றி எழுதுவோம் என்று நாம் நினைத்ததில்லை. ஐரோப்பாவின் அரண்மனைகளைச் சுற்றி வளர்ந்த இசை நாடகம் அது. வசனமே பாட்டு. ஒலிபெருக்கி கிடையாது. கீழே உட்கார்ந்திருக்கும் அத்தனை வாத்தியங்களின் சத்தத்தையும் தாண்டி, வெறும் தொண்டையால் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். பெண் குரல்களில் ஆக உயரத்தில் பாடுகிறவரை சொப்ரானோ என்பார்கள். கதாநாயகி பெரும்பாலும் அவர்தான். நமக்கும் அந்த அரங்குகளுக்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சீட்டு விலையே சொல்லிவிடும். ஆனாலும் லியோன்டின் பிரைஸ் என்கிற கறுப்பினப் பாடகியின் பெயரைச் சொல்லி நம்மிடமே ஒரு பாடம் ஒப்பிக்கிறார்கள். அதனால் எழுத வேண்டியதாகிறது.

அந்தப் பாடம் நமக்கு மனப்பாடம். திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது. மிசிசிப்பியில் மர அறுவை ஆலைத் தொழிலாளிக்கு மகளாகப் பிறந்தவர், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் கதாநாயகியாக நின்றார். 1961 ஜனவரி 27 அன்று, முதல் இரவிலேயே, நாற்பது நிமிடத்துக்கு மேல் கைதட்டினார்கள். அவர் என்ன இட ஒதுக்கீடா கேட்டார், சலுகையா கேட்டார்?

கைதட்டியது உண்மைதான். நாற்பத்திரண்டு நிமிடம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த அரங்கின் வரலாற்றிலேயே மிக நீண்ட கரவொலிகளில் ஒன்று. அதை நாம் குறைத்துச் சொல்லப்போவதில்லை. நம் கேள்வி வேறு. அன்று அவர் என்ன வேடத்தில் அந்த மேடைக்கு வந்தார்? அதற்கு முன்பு என்ன வேடத்தில் கூப்பிட்டபோது வர மறுத்தார்? பாடம் ஒப்பிக்கிறவர்கள் இந்த இடம் வந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

மெட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த நிறுவனம் 1883இல் தொடங்கியது. 1955 வரை, அதாவது 72 ஆண்டுகள், ஒரு கறுப்பினப் பாடகர்கூட அங்கே பாத்திரமேற்றுப் பாடியதில்லை. 72 ஆண்டுகளாக அமெரிக்காவில் கறுப்பினத்தவர் எவருக்கும் குரல் இல்லாமல் இருந்ததா?

சிசெரெட்டா ஜோன்ஸ் என்று ஒரு சொப்ரானோ இருந்தார். வர்ஜீனியாவில் பிறந்து, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வளர்ந்தவர். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி முன்னால் பாடியிருக்கிறார். ஐரோப்பா போய்ப் பாடியிருக்கிறார். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற இத்தாலியப் பாடகி அடெலினா பட்டியின் பெயரை ஒட்டவைத்து, பத்திரிகைகள் இவரை 'கறுப்புப் பட்டி' என்று அழைத்தன. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. ஆனால் விளம்பரத் தட்டியில் அதுதான் இருந்தது. ஓபரா அரங்கு எதுவும் கதவைத் திறக்காதபோது, 1896இலிருந்து ஒரு கேளிக்கைக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். முதலில் கோமாளிக் கூத்து, பிறகு ஆட்டம், எல்லாம் முடிந்து கடைசியில் இவர் ஓபரா உடையில் வந்து சில தனிப்பாட்டுகளைப் பாடுவார். ஓபராவின் துண்டுதுணுக்கு மட்டும். ஒரு முழு ஓபராவில், ஒரு முழுப் பாத்திரமாக, அவர் நிற்கவே இல்லை. 1915 வாக்கில் எல்லாம் நின்றுபோனது. பதக்கங்களையும் சொத்தையும் விற்றுச் சாப்பிட்டு, 1933இல் வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் நடப்பட்டது 2018இல். திறமையை யாராலும் தடுக்க முடியாது என்கிறவர்கள் இந்தப் பெண்மணிக்கு என்ன குறை இருந்தது என்று சொல்லிவிட்டுப் பேசலாம்.

1955இல் கதவு திறந்தது. எப்படித் திறந்தது என்று பாருங்கள். முதலில் வந்தவர் மரியன் ஆண்டர்சன். உலகமே அறிந்த பாடகி. 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாட அவருக்கு அனுமதி மறுத்தார்கள். லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று எழுபத்தைந்தாயிரம் பேர் முன்னால் பாடினார். அவரை மெட் அழைத்தபோது வயது 57. குரலின் நல்ல காலம் போய்விட்டிருந்தது. கொடுத்த பாத்திரம் உல்ரிகா, ஒரு குறிசொல்லி, சூனியக்காரி. வெர்டியின் அந்த ஓபராவில் அவளைக் கறுப்பினத்தவள் என்று இழித்துப் பேசும் வரியே உண்டு. அதே மாதம் ராபர்ட் மெக்ஃபெரின் வந்தார். அவருக்குக் கிடைத்தது 'ஐடா'வில் சிறைபிடிக்கப்பட்ட எத்தியோப்பிய அரசன். 1958இல் குளோரியா டேவி. அவருக்கு ஐடா, அடிமைப் பெண். பாடகர்களுக்கு முன்னதாகவே, 1951இல், நடனக் கலைஞர் ஜேனட் காலின்ஸ் அந்த மேடைக்கு வந்திருந்தார். ஆடியது அதே 'ஐடா'வில்.

விலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அட்லாண்டாவைச் சேர்ந்த மாட்டிவில்டா டாப்ஸ் 1956இல் 'ரிகோலெட்டோ'வின் கில்டாவாக மெட்டுக்குள் வந்தார். நிறத்துக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. இவர் 1953லேயே மிலான் லா ஸ்காலாவில் பாடியவர். பிரைஸைப் பற்றி எழுதும்போது 'முதல் கறுப்பினப் பெண்' என்று தாராளமாகப் பட்டம் கொடுக்கிறார்கள். பல இடங்களில் அவருக்கு முன்னால் டாப்ஸ் நின்றிருக்கிறார். அது மட்டுமா, கறுப்பினத்தவரைத் தனியாக உட்காரவைக்கும் அரங்குகளில் பாடுவதில்லை என்று உறுதியாக இருந்தவர் இவர். அதனாலேயே சொந்த ஊர் அட்லாண்டாவின் பெரிய அரங்கில், எல்லாரும் கலந்து உட்கார்ந்த அவையின் முன் அவர் பாடியபோது 1962 ஆகிவிட்டது. இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்னொரு நாள் எழுதுவோம்.

இப்போது பிரைஸுக்கு வருவோம். 1927இல் மிசிசிப்பியின் லாரலில் பிறந்தார். அப்பா மர அறுவை ஆலையில் வேலை, அம்மா மருத்துவச்சி. அம்மா மெதடிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில் சொப்ரானோ. மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு பியானோ வாங்கினார்கள். எப்படி? வீட்டில் இருந்த கிராமஃபோனைக் கொடுத்து, அதையே முன்பணமாக வைத்துக்கொள்ளச் சொல்லி. பாட்டு கேட்கிற பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பாட்டு உண்டாக்குகிற பெட்டியை வாங்கிய வீடு அது. ஒன்பது வயதில் அம்மா அவளை ஜாக்சன் நகரத்துக்கு அழைத்துப் போனார், மரியன் ஆண்டர்சனின் கச்சேரிக்கு. தன்னைப்போன்ற ஒரு பெண் வெண்ணிற உடையில் தனியே மேடையில் நின்றதை அந்தச் சிறுமி அங்கேதான் பார்த்தாள்.

பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை வேறு. லாரலில் சிஷோம் என்று ஒரு பணக்கார வெள்ளைக் குடும்பம். அங்கே பிரைஸின் சித்தி வீட்டு வேலை செய்தார். அந்த வீட்டுக்குப் போகும் சிறுமியைப் பாடச்சொல்லி, வீட்டு எஜமானி எலிசபெத் சிஷோம் பியானோ வாசிப்பார். பின்னால் அவள் படிப்புக்கும் பணம் கொடுத்தார். அந்த அம்மாள் செய்தது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. பிரைஸும் கடைசிவரை நன்றியோடுதான் இருந்தார். ஆனால் அறுவை ஆலைக் கூலியில் வாங்கிய பியானோ ஒரு வரி, சித்தி பல பத்தாண்டுகள் அந்த வீட்டில் உழைத்தது அரை வரி, எஜமானியின் பெருந்தன்மை மூன்று பத்தி என்று எழுதினால் அது யாருடைய கதையாகிறது? நம் பிள்ளைகள் தேறிவந்தால், 'எங்க தாத்தாதான் படிக்கவெச்சார்' என்று சொல்ல ஒரு பண்ணையார் பேரன் எங்கிருந்தோ வருவதை நாம் பார்த்ததில்லையா?

படிப்பையும் பார்க்க வேண்டும். ஓஹையோவில் வில்பர்ஃபோர்ஸ், கறுப்பினத்தவர்களுக்கான கல்லூரி. அங்கே அவர் சேர்ந்தது இசை ஆசிரியர் ஆவதற்கு. பாடகி ஆக இல்லை. அப்போது ஒரு கறுப்பினப் பெண் இசை படித்தால் போகக்கூடிய வழி பள்ளிக்கூடம்தான். குரலைக் கேட்ட ஆசிரியர்கள் அவரைப் பாட்டின் பக்கம் திருப்பினார்கள். 1948இல் நியூயார்க் ஜூலியார்டில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. நகரத்தில் தங்கிச் சாப்பிடப் பணம் வேண்டுமே. அவருக்காக நிதி திரட்ட ஓஹையோவில் ஒரு கச்சேரி நடந்தது. அதில் பாடியவர் பால் ராப்சன்.

ராப்சன் பெயரைப் 'பாடம்' சொல்கிறவர்கள் மறந்தும் எடுக்க மாட்டார்கள். பாடகர், நடிகர், தொழிலாளர்களின் தோழர், இடதுசாரி. பிரைஸுக்காகப் பாடிய இரண்டு ஆண்டுகளில், 1950இல், அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. எட்டு ஆண்டுகள் அவரால் வெளிநாடு போக முடியவில்லை. அரங்குகள் அவரைக் கைவிட்டன. ஒரு கறுப்பினப் பெண் ஜூலியார்டுக்குள் போக உதவிய கைகளில் ஒன்றை அதே நாடு முறுக்கி வைத்திருந்தது. தேவாலயம், கறுப்பினக் கல்லூரி, சித்தியின் உழைப்பு, எஜமானியின் பணம், ஒரு கம்யூனிஸ்ட் என்று பழிக்கப்பட்டவரின் கச்சேரி. இத்தனையும் சேர்ந்ததற்குப் பெயர் தனிமனிதத் திறமை என்றால், அந்தச் சொல்லுக்கு நாம் புதிதாக அர்த்தம் தேட வேண்டியிருக்கும்.

1952இல் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்'ஸில் பெஸ்ஸாக நடித்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றினார். ஐரோப்பியப் பயணத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவு உண்டு. பனிப்போர்க் காலம், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நிலை என்ன என்று சோவியத் ஒன்றியம் கேட்டுக்கொண்டிருந்தது, பதிலாக ஒரு கறுப்பினக் கலைக்குழுவை வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டில் காட்டுவதற்குக் கறுப்பினக் கலைஞர் வேண்டும், உள்நாட்டில் பேருந்தில் பின்னிருக்கை.

அந்த உள்நாட்டு நிலை 1955 ஜனவரியில் தெரிந்தது. என்பிசி தொலைக்காட்சி 'டோஸ்கா' ஓபராவை ஒளிபரப்பியது. டோஸ்காவாக பிரைஸ். அவருடைய காதலனாக ஒரு வெள்ளை நடிகர். தெற்கு மாநிலங்களின் நிலையங்கள் பல ஒளிபரப்ப மறுத்தன. குரலில் குற்றம் கண்டுபிடித்து மறுக்கவில்லை. ரோமாபுரிப் பாடகி ஒருத்தி கறுப்பாக இருப்பதையும், அவளை ஒரு வெள்ளைக்காரன் தழுவுவதையும் தங்கள் வரவேற்பறையில் பார்க்க முடியாது என்பதுதான் விஷயம்.

இங்கேதான் அந்த மறுப்பு வருகிறது.

சான் பிரான்சிஸ்கோவில் 1957இல் பெரிய ஓபரா மேடைக்கு வந்துவிட்டார். அங்கே 'ஐடா'வும் பாடினார், அது அவருக்குச் சொந்தப் பாத்திரம்போல அமைந்தது. அடுத்த ஆண்டு கரயான் அழைத்து வியன்னாவில் ஐடா, பிறகு லண்டன். அந்தச் சமயத்தில் மெட்டின் பொது மேலாளர் ருடால்ஃப் பிங் அவரைக் கூப்பிட்டார்: வாருங்கள், ஐடாவாகச் சில இரவுகள் பாடுங்கள். அமெரிக்காவில் ஒரு பாடகிக்கு அதைவிடப் பெரிய அழைப்பு இல்லை. பிரைஸ் வேண்டாம் என்றார்.

அப்படிச் செய்யச் சொன்னவர்களில் ஒருவர் பீட்டர் ஹெர்மன் ஆட்லர், அவரை டோஸ்காவாக்கிய என்பிசியின் இசை இயக்குநர். இவள் பெரிய கலைஞராகப் போகிறவள், மெட்டுக்குள் முதல் அடி வைக்கும்போது சீமாட்டியாக வைக்கட்டும், அடிமையாக வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சாரம். ஐடா கதையில் எத்தியோப்பிய இளவரசி. ஆனால் மேடையில் அவள் நிற்பது எகிப்து இளவரசியின் அடிமையாக.

இதைச் சிலர் தலைக்கனம் என்பார்கள். அது என்ன, கலைக்குள் வேறுபாடு பார்ப்பது, வேடம் வேடம்தானே என்பார்கள். ஓபராவில் வேடம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. வெள்ளைப் பாடகி முகத்தில் கருஞ்சாயம் பூசிக்கொண்டு எத்தியோப்பியப் பெண்ணாவார்; கண்ணோரம் கோடிழுத்து ஜப்பானியப் பெண்ணாவார். ஐம்பது வயதும் பெரிய வயிறுமாக ஒரு பாடகர் இருபது வயதுக் காதலனாக வருவார், நாயகி மயங்கி விழுவாள், அவை கண்கலங்கும். ஓபரா ரசிகரின் கற்பனைக்கு எல்லையே கிடையாது. ஆனால் ஒரு கறுப்பினப் பெண் ஸ்பெயின் நாட்டுப் பிரபு வீட்டுப் பெண்ணாக வந்தால் மட்டும் அந்தக் கற்பனை முடங்கிப்போகும். 'நம்பும்படியாக இல்லையே' என்று யதார்த்தவாதம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் எல்லாராகவும் ஆகலாம், நாம் நாமாக மட்டும் இருக்க வேண்டும். அதிலும் அவர்கள் எழுதிவைத்த 'நாம்'.

நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருத்தரங்கு அழைப்பிதழ் வரும். மொழிக்கு ஒரு அமர்வு, பொருளாதாரத்துக்கு ஒரு அமர்வு, நாவலுக்கு ஒரு அமர்வு. நம் பெயர் எங்கே இருக்கும் என்று தேட வேண்டாம், 'விளிம்புநிலைக் குரல்கள்' என்று ஒன்று இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆனால் இதை 'மறுத்துவிடு' என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. பிரைஸ் மறுத்தது நமக்குப் பெருமையாக இருக்கிறது. சூனியக்காரியாக வந்த ஆண்டர்சனையோ, சிறைப்பட்ட அரசனாக வந்த மெக்ஃபெரினையோ, ஐடாவாக வந்த டேவியையோ அதை வைத்துக் குறை சொல்ல நமக்கு எந்தத் தகுதியும் இல்லை. அவர்கள் முட்டித் திறந்த கதவு முன்னால் நின்றுதான் பிரைஸ் இந்தக் கதவு வேண்டாம் என்றார். இன்னொன்று, மறுத்த அன்று அவர் கையில் வியன்னா இருந்தது, லண்டன் இருந்தது, சான் பிரான்சிஸ்கோ இருந்தது. மெட் கூப்பிடாவிட்டாலும் அடுத்த மாதம் சோறு உண்டு. இருக்கிற ஒரே தட்டைத் தள்ளிவிடச் சொல்வது வீரமா, அடுத்தவர் பசியில் விளையாடுவதா என்று நாம் யோசிக்க வேண்டும். சிசெரெட்டா ஜோன்ஸுக்கு இரண்டாவது தட்டு இல்லை. கோமாளிக் கூத்துக்குப் பின்னால் நின்று பாடினார். மறுக்கிற தைரியம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். மறுத்தவரை அடுத்த மாதம் யார் காப்பாற்றுவது என்று நம் அமைப்புகள் பேசிக் கேட்டது குறைவு.

மறுப்பு பலித்தது. பிங் மறுபடி வந்தார். 1961 ஜனவரியில் வெர்டியின் 'இல் த்ரொவாத்தோரே'யில் லியோனோரா, அரசவைச் சீமாட்டி. அதே இரவில்தான் இத்தாலியப் பாடகர் ஃபிராங்கோ கொரெல்லிக்கும் அங்கே முதல் மேடை. பாவம், மறுநாள் எல்லாரும் பேசியது பிரைஸைப் பற்றி. அந்த முதல் பருவத்திலேயே ஐந்து பாத்திரங்கள் பாடினார். அவற்றில் ஒன்று ஐடா!

இதுதான் நம்மை உட்காரவைத்து எழுதவைத்தது. ஐடாவை அவர் வெறுக்கவில்லை. அந்தப் பாத்திரத்தில் தன் தோலே தன் உடை என்ற பொருளில் பின்னாளில் பெருமையாகப் பேசியிருக்கிறார். அவர் பிடிவாதம் பிடித்தது வரிசையில். முதலில் சீமாட்டி, பிறகு அடிமை. சீமாட்டியாகப் பாடியவர் அடிமையாக வந்தால் அது நடிப்பு. அடிமையாக மட்டும் உள்ளே விடப்பட்டவர் அடிமையாகப் பாடினால், கேட்கிறவர்கள் அதை நடிப்பு என்று எண்ணுவார்களா?

கரவொலி ஓய்ந்து நான்கு மாதம். அதே 1961 மே மாதம், பேருந்துகளில் ஒன்றாக உட்கார்ந்து தெற்கே பயணம் செய்த இளைஞர்களை, கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவருமாக, ஜாக்சன் பேருந்து நிலையத்தில் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள். ஒன்பது வயதுச் சிறுமி மரியன் ஆண்டர்சனைக் கேட்ட ஊர் அது.

அக்டோபரில் மெட்டின் புதிய பருவத்தைத் தொடங்கிவைக்கும் கௌரவம் பிரைஸுக்கு வந்தது. புச்சினியின் ஓபராவில் மின்னி, அமெரிக்க மேற்கின் மதுக்கடைக்காரி. இரண்டாவது நிகழ்ச்சியில் பாதியில் குரல் போய்விட்டது. அந்த அங்கம் முடியும்வரை வரிகளைப் பேசியே ஒப்பேற்றினார். பிறகு இன்னொரு பாடகி வந்து முடித்துவைத்தார். நோயும் அசதியும். ஒரே ஆண்டில் அத்தனை பாத்திரங்கள், அத்தனை கண்கள். சறுக்கினால் அவர் ஒருவர் சறுக்கினார் என்று யாரும் எழுத மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சில மாதம் ஓய்வெடுத்துத் திரும்பினார்.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுவோம், கலைஞர்களைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். 1964 வாக்கில் மெட்டில் அவருக்கு ஓர் இரவுக்கு 2,750 டாலர். காலஸ், டெபால்டி, சதர்லேண்ட் வாங்கியது அதே அளவு. பிர்கிட் நீல்சன் மட்டும் கொஞ்சம் அதிகம். நமக்கு அந்தக் கரவொலியைவிட இந்த எண் பெரிதாகத் தெரிகிறது. கைதட்டல் எழுந்து நிற்கிறவர்களின் மனசைப் பொறுத்தது, சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது.

1966 செப்டம்பரில் மெட், லிங்கன் சென்டரில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போனது. முதல் இரவுக்காக சாமுவேல் பார்பர், பிரைஸின் குரலை மனதில் வைத்தே ஓர் ஓபரா எழுதினார்: 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா'. கிளியோபாட்ராவாக பிரைஸ். ஜெஃபிரெல்லியின் மேடை அமைப்பு யானைகட்டித் தீனிபோட்ட கதை. ஒத்திகையில் பிரமிடுக்குள் பிரைஸ் மாட்டிக்கொண்டார், சுழல்மேடை பழுதானது. விமர்சகர்கள் ஓபராவைக் கிழித்தார்கள், குரலைப் புகழ்ந்தார்கள்.

ஆனால் அந்தக் கட்டடம் நின்ற நிலத்துக்கும் ஒரு கதை உண்டு, அதை ஓபரா வரலாறுகள் அடிக்குறிப்பில் வைக்கின்றன. அது சான் ஹுவான் ஹில், கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வாழ்ந்த பகுதி. ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க் வளர்ந்த பேட்டை. 'நகர்ப் புதுப்பிப்பு' என்ற பெயரில் ஏறத்தாழ 7,000 குடும்பங்களை அப்புறப்படுத்தி, தெருக்களை இடித்துத் தரைமட்டமாக்கி, மேலே பளிங்கு அரங்கங்கள் கட்டினார்கள். அந்த மேடையில் முதல் இரவு ராணியாக நின்றது ஒரு கறுப்பினப் பெண். இதை பிரைஸின் குற்றமாக நாம் சொல்லவில்லை. ஒருவரை மேடையில் ஏற்றியதைக் காட்டி, ஒரு பேட்டையையே காலி செய்ததை மறைக்க முடிகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம். சேரிகளை அகற்றி நகரை அழகுபடுத்தும் திட்டங்களோடு வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எழுபதுகளில் ஓபராவைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளில் அதிகம் பாடினார். விடைபெறும் நாளைத் தானே தேர்ந்தெடுத்தார்: 1985 ஜனவரி 3, மெட், தொலைக்காட்சி நேரலை. பாத்திரமும் அவர் தேர்வுதான். ஐடா.

அந்தக் காணொளி கிடைக்கிறது, பாருங்கள். மூன்றாம் அங்கத்தில், இனி ஒருபோதும் பார்க்க முடியாத தாய்நாட்டை நினைத்து ஐடா பாடும் தனிப்பாட்டு. வயது ஐம்பத்தேழு. 1955இல் ஆண்டர்சன் முதல் அடி வைத்தபோது இருந்த அதே வயது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுகிறது, அடங்கவே மாட்டேன் என்கிறது. அவர் ஐடாவாகவே நிற்கிறார், வேடத்தைக் கலைக்காமல். முகம் மட்டும் கட்டுக்கு அடங்காமல் கொஞ்சம் அசைகிறது. அடிமை வேடத்தில் உள்ளே வர மறுத்தவர், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, தான் விரும்பிய அன்று, அதே வேடத்தில் வெளியே போனார்.

சரி, பிரைஸோடு பிரச்சினை தீர்ந்ததா? மெட் 'ஒத்தெல்லோ'வில் வெள்ளைப் பாடகர் முகத்தில் கருஞ்சாயம் பூசுவதை நிறுத்தியது 2015இல். கறுப்பின இசையமைப்பாளர் ஒருவரின் ஓபராவை முதன்முதலாக மேடையேற்றியது 2021 செப்டம்பரில், டெரன்ஸ் பிளான்சர்டுடையது. 1883இலிருந்து எண்ணினால் 138 ஆண்டுகள். நடுவில் வில்லியம் கிராண்ட் ஸ்டில் போன்றவர்கள் எழுதி அனுப்பியவை ஏற்கப்படாமல் போயின. பாடுகிற கறுப்பினத்தவரை உள்ளே விட 72 ஆண்டு, எழுதுகிற கறுப்பினத்தவரை உள்ளே விட அதைப்போல இரு மடங்கு நெருங்க. வேடம் எழுதுகிறவர் யார் என்பது அவ்வளவு முக்கியம் அவர்களுக்கு.

2022 கோடையில் இத்தாலியின் வெரோனா திறந்தவெளி அரங்கில் 'ஐடா' நடந்தது. வெள்ளைப் பாடகி முகத்திலும் கையிலும் கருஞ்சாயம் பூசி ஐடாவாக வந்தார். அது பழைய தயாரிப்பு, மரபு அப்படி என்றது அரங்கு. அதே கோடையில் அதே அரங்கில் 'லா த்ராவியாத்தா'வில் கதாநாயகியாகப் பாட ஒப்புக்கொண்டிருந்தவர் ஏஞ்சல் ப்ளூ, அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பின சொப்ரானோ. கருஞ்சாயம் பூசும் அரங்கில் தான் பாடப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்து விலகினார். 2017இல் அவர் மெட்டுக்குள் வந்தது 'லா போஎம்'மின் மிமியாக, பாரீஸ் மாடி அறையில் தையல் வேலை செய்யும் பெண்ணாக.

2024 டிசம்பர் 31 அன்று மெட் புதிய 'ஐடா'வை மேடையேற்றியது. ஐடாவாகப் பாடியவர் ஏஞ்சல் ப்ளூ.